அரக்கர்களின் தரப்பு

1936-ல் பிரிட்டிஷ் அகாதமியில் டோல்கீன் ‘பேவுல்ஃப்’ காவியத்தைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதுவரை அந்தக் காவியத்துக்குள் சரித்திரத்தையும் மொழிநூலையும் தோண்டிக்கொண்டிருந்த பண்டிதர்களுக்கு அதில் வரும் அரக்கர்கள் ஒரு சங்கடம். இத்தனை கம்பீரமான கவிதைக்கு நடுவே எதற்கு இந்தப் பாட்டி கதைச் சமாச்சாரம் என்ற கூச்சம். டோல்கீன் இதை மறுத்தார். அரக்கர்கள்தான் மையம், அவர்களை ஓரத்தில் தள்ளிவிட்டு இந்தக் கவிதையைப் படிக்க முடியாது என்றார். ஆனால் மையத்தில் நிறுத்தினாரே ஒழிய, கிரெண்டல் என்ன யோசித்துக்கொண்டு அந்த மண்டபத்தை நோக்கி நடந்து வருகிறான் என்பது அவருடைய கேள்வி அல்ல. அது ஜான் கார்ட்னரின் கேள்வி. 1971-ல் வெளியான ‘கிரெண்டல்’ நாவலில் அரக்கன் தன் வாயால் தன் கதையைச் சொல்கிறான்.

அதே 1971-ல், இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் இந்தக் கேள்விக்கு வேறொரு பாதை திறந்தது. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூர்க்காரரான கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரெனுடன் சேர்ந்து ‘செயின்மெயில்’ என்ற போர் விளையாட்டு விதிகளை வெளியிட்டார். மத்தியகாலப் பொம்மை வீரர்களை மேஜைமேல் அணிவகுத்து ஆடுவது அது. அதன் பின்னிணைப்பில் டிராகன்களையும் பூதங்களையும் களத்தில் இறக்க வழி செய்திருந்தார்கள். 1974-ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அங்கிருந்து வளர்ந்ததுதான். ஓர் ஆட்டக்காரர் படையை நடத்துவதற்குப் பதில் ஓர் ஆளாக மாறினார்.

இந்த ஆட்டத்தை நான் சில வருஷங்களாக நடத்தி வருகிறேன். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கிக்கு விடுமுறை. அன்று நான்கு பேர் என் வீட்டுக்கு வருவார்கள். நால்வரும் எழுதுகிறவர்கள், ஒருவர் கவிஞர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நால்வரும் ஆளுக்கொரு பாத்திரம். ஐந்தாமவன் நடுவர். வழி, மழை, சத்திரக்காரன், அரக்கர் எல்லாம் அவன்தான். யார் என்ன செய்கிறார்கள் என்பதை வாயால் சொல்கிறார்கள். பலிக்குமா என்பதைப் பகடை சொல்கிறது. வெற்றி தோல்வி என்று முடிகிற ஆட்டம் அல்ல.

நான் பேச வருவது அந்த ஐந்தாவது நாற்காலியைப் பற்றி. 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி அமைத்த ராணுவப் பயிற்சி ஆட்டத்திலும் ஒரு நடுவர் உண்டு. இரு தரப்பின் உத்தரவுகளையும் வாங்கிக்கொண்டு, எந்தத் தரப்பு எதைப் பார்த்திருக்க முடியுமோ அதை மட்டும் அதற்குச் சொல்வது அவர் வேலை. அவர் யார் பக்கமும் இல்லை. இந்த ஆட்டத்தில் அதே நடுவர் ஒரு தரப்பாகவும் உட்கார்ந்திருக்கிறார். உலகத்தில் வேறெந்த ஆட்டத்திலும் இப்படி ஓர் அபத்தமான ஆசனம் இருப்பதாக எனக்குப் படவில்லை. சதுரங்கத்தில் இருவருக்கும் பதினாறு காய்கள். இங்கே எனக்குக் காய்களின் கணக்கே கிடையாது. பத்து டிராகன்கள் வேண்டுமென்றால் பத்து. நான் நினைத்தால் எப்போதும் ஜெயிக்கலாம் என்பதாலேயே என் ஜெயத்துக்கு அர்த்தமில்லாமல் போகிறது. அப்படியானால் அரக்கனை நன்றாக ஆடுவது என்பது என்ன?

சாதாரணமாக நடப்பது இது: கதவைத் திறக்கிறார்கள், உள்ளே ஆறு காப்ளின்கள், எதற்காகவோ காத்துக்கொண்டு நிற்கின்றன, கிட்டே இருப்பவனை அடிக்கின்றன, வரிசையாகச் சாகின்றன. தோழர்கள் ஐவர் செத்துக் கிடக்க ஆறாவதும் வாளை ஓங்கிக்கொண்டு வரும். இதைத் தைரியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஆறாவது காப்ளினுக்குள் யாரும் இல்லை, அவ்வளவுதான். நம் சிறுகதைகளில் கடன் மனுவைத் தள்ளுபடி செய்வதற்கென்றே ஜனித்து, அந்த ஒரு வேலையை முடித்துவிட்டு மறைந்துபோகும் வங்கி மேனேஜரை இருபது வருஷமாகப் படித்து வருகிறேன். (அவரோடு தினமும் டிபன் சாப்பிடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அவருக்கும் மேலிடத்தைக் கண்டால் பயம்.) இந்த இடத்தில் இராவணனை இழுத்துவர நம்மவர்களுக்கு ஆசை எழும். நான் இழுக்கப் போவதில்லை. எதைப் பேசினாலும் நம்மிடம் முன்பே உண்டு என்று நிறுவுகிற வியாதி தனி விஷயம்.

விதிகளிலேயே இதற்கான விதை இருந்தது. 1977-ல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ புத்தகத்தில் ஒவ்வொரு அரக்கனுக்கும் அறிவு என்று ஒரு வரி உண்டு. ஸோம்பிக்கு இல்லை என்று போட்டிருக்கும். மூளையைத் தின்னும் மைண்ட் ஃப்ளேயருக்கு மேதை என்று. அதைவிட என்னைக் கவர்ந்தது 1981-ல் டாம் மோல்ட்வே செப்பனிட்ட ஆரம்பநிலை விதிகளில் உள்ள மனத்திடக் கணக்கு. 2 முதல் 12 வரை ஓர் எண். தன் பக்கத்தில் முதல் சாவு விழுந்ததும், பிறகு பாதிப் பேர் விழுந்ததும், நடுவர் இரண்டு பகடைகளை உருட்டுகிறார். விழுந்தது அந்த எண்ணை மிஞ்சினால் அவை ஓடும், அல்லது சரணடையும். கோபோல்டுக்கு 6. அதாவது 36 வாய்ப்புகளில் 21-ல் அது ஓடிவிடும். காப்ளினுக்கு 7. எதற்கும் கலங்காத 12 யாருக்கு என்று பார்த்தால் எலும்புக்கூட்டுக்கும் ஸோம்பிக்கும். செத்துப்போனவற்றுக்கு. கடைசிவரை நின்று சாகும் காப்ளின் உண்மையில் ஒரு ஸோம்பி என்பதை இந்த அட்டவணை எந்த வியாக்கியானமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது. இந்த விதியைக் கட்டாயமாக்காமல், விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். பலர் விரும்பவில்லை போலிருக்கிறது.

அரக்கனின் யுக்தி என்பது அவனுடைய பயத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன். 2014-ஆம் வருஷப் பதிப்பில் காப்ளினுக்கு உயிர்ப்புள்ளிகள் 7. நல்ல வாள்வீச்சு ஒன்று போதும். அறிவு 10, அதாவது சராசரி மனிதனுடையது, என்னுடையது. அடித்துவிட்டு அதே மூச்சில் ஒளிந்துகொள்ளவோ, எதிரியின் கைக்கு எட்டாமல் நழுவவோ அதற்கு ஒரு சலுகை. இந்த மூன்று விவரங்களையும் பட்டியலாகப் படிக்கிறவன் ஒன்றும் அடையமாட்டான். வாழ்க்கைக் குறிப்பாகப் படிக்கவேண்டும். ஏழு புள்ளி உயிரோடு இதுவரை பிழைத்திருக்கிற ஒருவன் நேருக்கு நேர் நின்றிருக்க முடியாது. புதரிலிருந்து ஓர் அம்பு, இடம் மாறி இன்னொன்று, நெருங்கி வந்தால் ஓட்டம். ஓநாயின் அறிவு 3. அதனிடம் திட்டம் கிடையாது, பசி உண்டு, கூட்டம் உண்டு. பின்தங்கியவனை இழுக்கும், காயம்பட்டால் விட்டுவிடும். ஓகருக்கு 5, எதிரில் நிற்பவனை அடிக்கும், ஆனால் ஒரு முழு ஆட்டைக் காட்டினால் நின்று யோசிக்கும். என் அறிவைக் குறைத்துக்கொண்டு இவற்றை ஆடுவது மேதையை ஆடுவதைவிடக் கஷ்டம். மைண்ட் ஃப்ளேயருக்கு 19 என்றால், அது ஒரு நொடியில் யோசிப்பதை நான் பஸ்ஸில் ஒரு வாரம் யோசித்துவிட்டு வரலாம். அறிவைக் காலத்தால் ஈடுகட்ட முடிகிறது. ஓகரின் மந்தத்துக்கு அப்படிக் குறுக்கு வழி இல்லை.

1983-ல் டிரேஸி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் எழுதிய ‘ரேவன்லாஃப்ட்’ கதைக்களத்தில் ஸ்ட்ராட் என்ற ரத்தக்காட்டேரிப் பிரபு வருகிறான். அவனுக்கு என்ன வேண்டும் என்பதையே அங்கே ஆட்டத்துக்கு ஆட்டம் சீட்டுக் குறி தீர்மானிக்கிறது. அவனுக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்பதாவது அங்கே நிச்சயம். கோபோல்டுகளின் புகழ் இன்னும் விசேஷமானது. 1987 நவம்பரில் ‘டிராகன்’ இதழின் 127-ஆம் எண்ணில் ஆசிரியர் ரோஜர் மூர், டக்கர் என்ற நடுவர் ஆடிய கோபோல்டுகளைப் பற்றி எழுதினார். பாதாளத்தின் பத்தாம் அடுக்கில் பேய்களோடு மோதத் துணிந்த தேர்ந்த வீரர்கள், முதல் அடுக்கிலிருந்த இந்த அற்பப் பிராணிகளைக் கடக்க முடியாமல் அலறியிருக்கிறார்கள். டக்கர் அவற்றின் பலத்தை ஒரு புள்ளிகூட ஏற்றவில்லை. இடுக்கு வழிகள், நெருப்பு, சுவர்த் துளைகள் வழியே அம்பு. தங்கள் வீட்டைத் தங்களுக்குத் தெரியும் என்ற ஒன்றைத்தான் அவை பயன்படுத்தின.

ஆனால் யுக்தியைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆட்டக்காரர்கள் தங்கள் சதியை என் முன்னால் உட்கார்ந்து உரக்கப் பேசித்தான் தீட்டுகிறார்கள். எனக்கு எல்லாம் தெரியும். அரக்கனுக்கு எவ்வளவு தெரியும்? கவுண்டரில் உட்கார்ந்தால், எதிரில் நிற்பவரின் இருப்பு, தவணை தவறியது, நேற்று வந்து போன தொகை எல்லாம் திரையில் எனக்குத் தெரிகிறது. அவர் பக்கத்தில் நிற்கும் மைத்துனரிடம் தன் நிலைமையை வேறுமாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். என் முகத்துக்கு ஒன்றும் தெரியக்கூடாது. சம்பளத்தில் பாதி இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒருமுறை என் நண்பர்கள் ஒரு காப்ளின் குகைக்கு வெளியே விறகு அடுக்கிப் புகைபோடத் தீர்மானித்தார்கள். இருவர் பின்வாசலில் பதுங்குவது. மரத்தின்மேல் ஒரு காவல் காப்ளின் இருந்தது. அது விறகைப் பார்த்தது, கத்தியது. பின்வாசலில் இருவர் நிற்பதைப் பார்க்க அதற்கு வழியில்லை. ஆகவே பன்னிரண்டு காப்ளின்களும், புகை வருமுன் தப்பிவிடலாம் என்று நம்பி, நேராகப் பின்வாசலுக்கு ஓடின. அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த நான்தான் அவற்றை ஓட்டிக்கொண்டு போனேன். பதினொன்று செத்தன. ஒன்று முட்புதரில் புகுந்து கிடந்து, இருட்டியதும் போய்விட்டது. கிடந்த நேரத்தில் அது ஒரு காட்சியைப் பார்த்தது. அம்பு பட்டு விழுந்த வீரனைக் கவிஞரின் பாத்திரமான பூசாரி தொட, அவன் எழுந்து நின்றான்.

மூன்று அமர்வுகளுக்குப் பிறகு ஒரு கணவாயில் காப்ளின்கள் மறுபடி வந்தன. முதல் அம்பிலிருந்தே எல்லாம் பூசாரிமேல். அவர் விழுந்தார். வழக்கமாக விழுந்தவனை அரக்கர் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், நிற்பவன்தானே ஆபத்து. இவை விழுந்தவர்மேல் இன்னும் மூன்று அம்புகள் எய்தன. விதிப்படி அத்துடன் சரி.

கவிஞர் பகடையை மேஜைமேல் வைத்தார். “என்னய்யா இது, விழுந்தவனை அடிக்கிறதா உன் யுத்தம்? ஒரு காப்ளினுக்கு நான் யாருன்னு எப்படித் தெரியும்?” என்றார். அதற்கு முந்தைய மாதம்தான் அவருடைய தொகுப்பைப் பற்றி நான் எழுதியிருந்தேன், பாராட்டாக இல்லை. “உன் விமர்சனத்தோட ரெண்டாம் பாகமா?” என்று கேட்டபோது மற்ற மூவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஒன்றரை வருஷம் போற்றி வளர்த்த பாத்திரம். அவர் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். நான் அவர்மேல் கொண்ட அபிப்பிராயம் அந்த அம்புகளில் ஏறியிருந்தால் அது ஆட்டமல்ல; அப்போது என் விமர்சனமும் விமர்சனமல்ல.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. பேரேடு மாதிரி கோடு போட்டது. எந்த அரக்கருக்கு எது தெரியும், எந்தத் தேதியில், யார் பார்த்து, என்று மூன்று பத்திகள். ஒவ்வோர் அமர்வு முடிந்ததும், எல்லோரும் போன பிறகு எழுதி முடிக்காமல் தூங்கமாட்டேன். நோட்டை எடுத்து அவர் முன் வைத்து, “பாருங்க சார்” என்றேன். புகை போட்ட நாள் தேதியிட்ட வரி: ஒன்று தப்பியது, முட்புதர், விழுந்தவனைப் பூசாரி எழுப்பியதைக் கண்டது. அடுத்த வரி: விழுந்தவர்கள் எழுவார்கள் என்று தன் கூட்டத்துக்குச் சொல்கிறது. விமர்சனம் வந்த தேதிக்கு இது முந்தியது. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“பதினொண்ணுதான் விழுந்துதுன்னு நாங்க எண்ணவே இல்லையே” என்றார், மற்றவர்களிடம். என்னிடம் அன்றைக்கு வேறெதுவும் பேசவில்லை. அடுத்த இரண்டு அமர்வுகளுக்கு வரவுமில்லை.

திரும்பி வந்தபோது புதுப் பாத்திரம் கொண்டுவந்தார், ஒரு வேவுக்காரி. இப்போது சண்டை முடிந்ததும் அவர்தான் பிணங்களை எண்ணுகிறார். போன அமர்வில் ஒரு காப்ளின் சரணடைந்தது. கொன்றுவிடலாம் என்று மூவரும் சொல்ல, அவர் தடுத்து, அதை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினார். என்னோடுதான் பேசினார், ஆனால் ஒருமுறைகூட என்னைப் பார்த்து அல்ல, மேஜையின் நடுவே அது உட்கார்ந்திருப்பதாகச் சொன்ன இடத்தைப் பார்த்து. வடக்குப் பாலம் வழியாக நாற்பது பேர் பௌர்ணமிக்கு முன் வருகிறார்கள் என்று நம்பும்படி சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கட்டை அவிழ்த்துவிட்டார். நாற்பது பேர் இல்லை. இவர்கள் தெற்கே போகிறார்கள்.

எல்லோரும் போன பிறகு நோட்டை எடுத்து, தேதி போட்டு, வடக்குப் பாலம், நாற்பது பேர் என்று எழுதிக்கொண்டேன்.