அய்யம்பாளையத்து மலைச் சாரலில்

திண்டுக்கல் ஜில்லாவில், கீழ்ப் பழனி மலையின் அடிவாரத்திலே, மருதாநதிப் பாசனத்தில் செழித்த தென்னஞ் சோலைகளுக்கு நடுவே இருக்கிறது அய்யம்பாளையம். இவ்வூரார் தென்னம்பிள்ளை நடுவதில் மகா ஜாக்கிரதையுள்ளவர்கள். தாய் மரத்தின் வயதென்ன, குலை எத்தனை, காய் பருமனா என்றெல்லாம் விசாரிக்காமல் நெற்று வாங்கமாட்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்பார்களா என்பது சந்தேகமே!

ஆனால் இதே ஊரார் மலைமீது தாண்டிக்குடிப் பக்கம் வைத்திருக்கும் காப்பித் தோட்டங்களுக்குப் போனால் கதை வேறாயிருக்கிறது. அங்கே காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் நிற்பது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். "இதற்கு விதை எங்கே வாங்கினீர்கள்?" என்று நம்முடன் வந்த தோட்டக்காரரைக் கேட்டோம்.

"விதையா, வாத்தியாரய்யா! மரத்தடியில் முளைத்ததைப் பிடுங்கி நட்டதுதான். நேராக வளர்ந்ததையெல்லாம் பிளைவுட்காரர்கள் போன வருஷமே வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது இந்தக் கோணல்கள்."

நல்லதை முதலில் வெட்டி, எஞ்சிய கோணலிலிருந்து அடுத்த தலைமுறைக்கு விதை எடுக்கும் விந்தையைக் கவனியுங்கள். எந்த உழவனாவது நல்ல நெல்லைத் தின்றுவிட்டுப் பதரை விதைப்பானா?

மரம் கோணுவதற்கு மண்ணும் காற்றும் காரணமாகலாம். அறுத்த பலகை வளைவது, உலர்த்திய முறையின் குற்றமாகவும் இருக்கலாம். ஆயினும் பரம்பரைக்கு உள்ள பங்கு சிறிதன்று. மரத்தின் உயரமும் பருமனும் இடத்துக்கு இடம் வெகுவாக மாறும். கட்டையின் அடர்த்தியோ பெரும்பாலும் அவற்றைவிட உறுதியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது. கட்டையின் ஒவ்வொரு நுண்ணறையின் சுவரிலும் மெல்லிய இழைகள் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கின்றன. அவை செங்குத்தாக நின்றால் பலகை நிமிர்ந்திருக்கும். மிகவும் சாய்ந்திருந்தால், உலரும்போது பலகை நீளவாக்கில் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். காகிதத்துக்கு வேண்டிய குணம் வேறு: இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பசை குறைவாயிருந்தால் ஆலையில் மருந்துச் செலவு மிச்சம்.

கஷ்டம் என்னவென்றால், இக்குணங்களெல்லாம் மரம் முதிர்ந்த பிறகே முழுவதும் தெரியும். அதற்குள் நட்டவன் கிழவனாகிவிடுவான். நாற்றின் இலையிலேயே மரபணுவைச் சோதித்து, பின்னாளில் கட்டை எப்படியிருக்கும் என்று மதிப்பிடும் வித்தை இப்போது பல தேசங்களில் கையாளப்படுகிறது. தைல மரத்தின் மரபணுத் தொகுதி 2014-ல் வெளியாயிற்று. தேக்கினுடையதை 2018-ல் வெளியிட்டதில், நம் கோயம்புத்தூரில் 1988-ல் தோன்றிய வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்தாருக்கு முக்கிய பங்குண்டு. சவுக்கு, தைலம், மலைவேம்பு ஆகியவற்றில் பொறுக்கியெடுத்த வகைகளையும் அவர்கள் தந்திருக்கிறார்கள். காட்டு மரத்தை நம்பாமல் குடியானவர் நிலத்து மரத்தையே ஆலைகள் நாடவேண்டும் என்று தேசிய வனக் கொள்கை சொன்னதும் அதே 1988-ல்தான்.

ஒரே மரத்தின் குச்சிகளை வேர்விடச் செய்து ஊரெல்லாம் நட்டுவிடுவதில் அபாயமும் உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியத் தைலத் தோப்புகளில் இலையில் முடிச்சுண்டாக்கும் சிறு குளவி ஒன்று புகுந்தபோது, அதற்கு இடங்கொடுத்த வகைகள் தோப்புத் தோப்பாகப் பாழாயின. ஆகவே பல வகைகளைக் கலந்து நடுவதே புத்தி.

சில்வர் ஓக்குக்கு இந்த மலையில் ஆய்வுசாலை வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன? இறங்கும்போது தோட்டக்காரர் நெட்டையாக, முறுக்கின்றி நின்ற ஏழெட்டு மரங்களுக்குச் சுண்ணாம்பால் வளையம் போடச் சொன்னார். ஒன்றுக்கொன்று தூரத்தில் நிற்பவையாகப் பார்த்துச் சொன்னோம். பக்கத்தில் நிற்பவை உடன்பிறப்புகளாக இருக்கக்கூடும். காய் வெடித்தால் இறகு முளைத்த விதைகள் காற்றில் பறந்துவிடும். அதற்கு முன்பே ஆள் ஏற்றிப் பறிப்பதாக ஏற்பாடு. பிளைவுட்காரர்கள் அடுத்த மாதம் வருகிறார்களாம்.