விடை கேட்ட குரல்

விதிகள் மனிதர் வகுத்தவை. ஆதலால், மனிதரால் மாற்றக்கூடியவை. இவ்வுண்மையைப் பதினாறு வயதிலேயே உணர்ந்தவர் பார்பரா ஜான்ஸ். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஃபார்ம்வில் என்னும் சிறுநகரில், கறுப்பின மாணவர்க்கென ஒதுக்கப்பட்ட மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் அவர் பதினோராம் வகுப்புப் பயின்றார்.

வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே பள்ளியில் பயிலலாகாது என்பது அம்மாநிலச் சட்டம். ஏறத்தாழ 180 மாணவர்க்காகக் கட்டப்பட்ட மோட்டன் பள்ளியில் 450 பேர் நெருக்குண்டு பயின்றனர். இடம் போதாமையால் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகள் எழுப்பப்பட்டன. மழையில் அவற்றின் கூரை ஒழுகியது. குளிர்காலத்தில் கணப்படுப்பின் அருகே இருந்தோர் வெப்பத்தால் வாட, தொலைவில் இருந்தோர் நடுங்கினர். பெற்றோர் முறையிட்டும் கல்விக்குழு செவிசாய்க்கவில்லை.

பார்பரா தம் மனக்குறையை ஆசிரியை ஒருவரிடம் கூறினார். நீயே ஏதேனும் செய்யலாகாதா என அவர் வினவினார். முதலில் வருந்திய பார்பரா, பின்னர் அவ்வினாவையே பற்றிக்கொண்டார். நம்பிக்கைக்குரிய மாணவர் சிலருடன் பல மாதங்கள் மறைவாகத் திட்டமிட்டார். 1951 ஏப்ரல் 23 அன்று, தலைமையாசிரியர் வெளியே சென்றிருந்த வேளையில், மாணவர் அனைவரையும் கூட்டி உரையாற்றினார். அன்றே அவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வெளியேறினர்.

அவர்கள் வேண்டியது நல்லதொரு பள்ளிக் கட்டடம். உதவ முன்வந்த வழக்கறிஞர்களோ, பிரித்துவைக்கும் சட்டத்தையே எதிர்க்கத் துணிந்தால்தான் வழக்காடுவோம் என்றனர். மாணவரும் பெற்றோரும் இசைந்தனர். கூரை ஒழுகியதற்கும் மூலகாரணம் அச்சட்டமே என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். ஆர்வத்திற்குத் தெளிவு பிறந்த தருணம் அது.

மாணவர் 117 பேரின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கு முதலில் தோற்றது. பின்னர், பிற மாநில வழக்குகளுடன் இணைந்து உச்சநீதிமன்றத்தை அடைந்தது. பள்ளிகளில் இனப்பிரிவினை அரசியலமைப்பிற்கு முரணானது என 1954 மே 17 அன்று நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

இவ்வெற்றிக்குப் பலரும் விலை கொடுத்தனர். தலைமையாசிரியர் பணி இழந்தார். பாதுகாப்புக் கருதிப் பார்பரா அலபாமாவில் இருந்த உறவினர் இல்லத்திற்கு அனுப்பப்பட்டார். இணைந்து பயில்வதை ஏற்க மறுத்த மாவட்ட நிர்வாகம், 1959இல் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. ஐந்தாண்டுகள் கறுப்பினச் சிறார் பலர் கல்வியின்றித் தவித்தனர். உச்சநீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பின்னரே, 1964இல் அப்பள்ளிகள் திறக்கப்பட்டன.

மாணவர் எழுந்து பேசியது ஒருநாள். அதற்கு முழுவிடை கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.