உள்ளளவா, வெளியளவா?

எங்கள் மாப்பிள்ளையின் கார் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டு ஜன்னல் கண்ணாடி சொல்லிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்படித்தான் ஆனது. "பெரம்பலூர்க்காரங்க வந்துட்டாங்க. ஷெல்ஃபுல பாத்திரமெல்லாம் ஆடுது" என்றாள் என் மனைவி. டிக்கியில் புதிதாக 12 அங்குல சப்வூஃபர் வைத்திருந்தார். பாட்டு ஒரு பக்கம், பின்னால் நம்பர் பிளேட் போட்ட தாளம் ஒரு பக்கம்.

இறங்கியதும் அவர் கேட்டது, "எப்படி இருக்கு மாமா?"

"நல்லா கேக்குது மாப்பிள்ளை" என்றேன். பொய்யில்லை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் பக்கமிருந்து வந்த எதுவும் எனக்கு அவ்வளவு நன்றாகக் கேட்டதில்லை.

காரணம் என் காதுதான். 1984-ல் அரியலூர் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-ல் பிரிந்து, மறு ஆண்டே பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-ல் மீண்டும் பிரிந்தது. இத்தனை மாறியும் நான் மட்டும் பால் மில்லை விட்டு நகரவில்லை. பால் மில் என்றால் ஒரு பெரிய இரும்பு உருளை. உள்ளே டன் கணக்கில் எஃகுக் குண்டுகள். உருளை சுற்றச் சுற்றக் குண்டுகள் விழுந்து கிளிங்கரை மாவாக்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றாலும் சைகைதான்.

எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று தொழிற்சாலை விதிகள் சொல்லின. இரைச்சலால் வரும் காது கேளாமை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாகவே இடம்பெற்றிருந்தது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. காதுக்கு மாட்டிக்கொள்ளக் கொடுத்ததையும் நான் ஆணியில்தான் மாட்டி வைத்திருந்தேன். வியர்க்கிறது, அரிக்கிறது என்று சாக்கு. அதனால் யார் மேலும் பழி போட மனமில்லை.

ஓய்வு பெற்ற பிறகு திருச்சியில் ஒரு டாக்டர் ஆடியோகிராம் எடுத்தார். படத்தில் கோடு சமமாக வந்து 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் அடி விழுவது அந்த இடத்தில்தானாம். உயிரெழுத்தெல்லாம் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் கேட்கும். க, ச, ட, த, ப எல்லாம் குழம்பும். கட்டு, தட்டு, பட்டு மூன்றும் எனக்கு ஒன்றுதான். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தால் பட்டு மட்டும் பிடிபடும்.

அந்தத் தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். மனைவிக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குச் சொல்லவில்லை. அவரோ மெதுவாகப் பேசுகிறவர். அவர் ஏதாவது கேட்டால் நான் சிரிப்பேன், இல்லாவிட்டால் தலையாட்டுவேன். ஆறு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு டிக்கியைத் திறந்து காட்டினார். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. சின்ன வயதில் கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டப் போகிறவர்களோடு சுற்றியவன். தட்டிப் பார்த்தேன். 12 எம்.எம். பலகை, மூட்டில் விரிசல். உள்ளளவு 20 லிட்டர்தான் இருக்கும். ஆழமான ஒலி வரவில்லை என்று அவர் பேஸ் பூஸ்ட்டை முழுக்கத் திருப்பியிருந்தார். அதனால்தான் எல்லாப் பாட்டும் ஒரே 'தும்' ஆகக் கேட்டது.

"ஸ்பீக்கர்ல குத்தமில்லை மாப்பிள்ளை, பெட்டிதான் சரியில்லை. வேற ஒண்ணு செஞ்சுடலாமா?" என்றேன். அவர் முகத்தில் அவ்வளவு ஆச்சரியம். நானாக அவரிடம் ஒரு பேச்சை ஆரம்பித்தது அதுதான் முதல் தடவை போல.

பலர் நினைப்பதுபோல் பெட்டி ஸ்பீக்கரை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டு அல்ல. ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. பெட்டி இல்லாவிட்டால் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றோ ஒரு ஸ்பிரிங் மாதிரி. கூம்பை உள்ளே போகவிட்டுத் திருப்பித் தள்ளும். 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் அந்தக் காற்று ஸ்பிரிங்கையே நம்பிச் சிறிய பெட்டியில் ஆழமான ஒலி கொண்டுவந்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் இதற்குக் கணக்கு வகுத்தார்கள். இன்று எந்த சப்வூஃபர் வாங்கினாலும் கூட வரும் தாளில் தீல்-ஸ்மால் அளவுகள் இருக்கும்.

மாப்பிள்ளையின் தாளில் மூன்று எண்களைக் குறித்துக்கொண்டேன். எஃப்.எஸ். 28 ஹெர்ட்ஸ்: பெட்டியில்லாமல் கூம்பு தானாக ஆடும் வேகம். க்யூ.டி.எஸ். 0.45: அந்த ஆட்டத்தை ஸ்பீக்கர் எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்பதன் அளவு. வி.ஏ.எஸ். 60 லிட்டர்: கூம்பைத் தாங்கும் அமைப்பின் விறைப்புக்குச் சமமான காற்று.

மாப்பிள்ளைக்குக் குழாய் வைத்த பெட்டிதான் ஆசை. குடத்தின் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, அதே தத்துவம்தான் அந்தக் குழாய். குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் சத்தம் கூடும். ஆனால் அதற்குக் கீழே ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று சரிந்துவிடும். கூம்புக்குப் பிடிமானமும் போய்விடும். மூடிய பெட்டி 12 டெசிபல்தான் சரியும். காரின் உள்ளே இருப்பது சின்ன இடம் என்பதால் மிகத் தாழ்ந்த ஒலிகளை அதுவே தூக்கிக் கொடுக்கும், ஏறக்குறைய அதே 12 டெசிபல் கணக்கில். ஒன்று இறங்க, ஒன்று ஏற, சமமாகிவிடும். வீட்டுக்கு எப்படியோ, காருக்கு மூடிய பெட்டி நல்ல ஜோடி என்றேன். ஒத்துக்கொண்டார்.

மூடிய பெட்டிக்குள் போன பிறகு க்யூ 0.707 ஆக இருந்தால் ஒலி சீராக இருக்கும். 0.707-ஐ 0.45-ஆல் வகுத்தால் 1.57. அதன் வர்க்கம் 2.47. ஒன்றைக் கழித்தால் 1.47. வி.ஏ.எஸ். 60-ஐ அதனால் வகுத்தால் 41 லிட்டர். 44 ஹெர்ட்ஸ் வரை ஒலி நன்றாக இறங்கும். கடைப் பெட்டியின் 20 லிட்டரில் க்யூ 0.9, கூம்பு தானாக ஆடும் வேகம் 56 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் அந்தத் தந்தி நடப்பது சீராகக் கேட்க வேண்டுமானால் பெட்டி சரியாக இருக்க வேண்டும்.

அடுத்து டிக்கியை அளக்க வேண்டும். மாப்பிள்ளை டேப்போடு தலையை உள்ளே விட்டுக்கொண்டு சொல்ல, நான் வெளியே நின்று எழுதினேன். அவர் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. "என்ன?" என்று இரண்டு முறை கேட்டேன், மூன்றாவது முறை கேட்க வெட்கமாக இருந்தது. குத்துமதிப்பாக எழுதினேன்.

வெளியே வந்து தாளைப் பார்த்தார். "மாமா, நான் நாற்பத்தேழுன்னு சொன்னேன். நாற்பத்தெட்டுன்னு எழுதியிருக்கீங்க. இதுவும் மாறியிருக்கு." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு நேருக்கு நேர் நின்று நிதானமாகக் கேட்டார். "மாமா, நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?"

உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து ஆடியோகிராமைக் கொண்டுவந்து காட்டினேன்.

நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு வருஷமா உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சுட்டிருந்தேன் மாமா. நிச்சயத்தன்னைக்கு நான் ஒண்ணு கேட்டேன், நீங்க பதில் சொல்லாம எழுந்து போயிட்டீங்க" என்றார். என்ன கேட்டீர்கள் என்றேன். "வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் மேல்படிப்பு படிக்கலாமான்னு யோசனை கேட்டேன்." அவர் படிக்கவில்லை. எனக்குச் சம்மதமில்லை என்று நினைத்து விட்டுவிட்டார். அப்படி ஒரு கேள்வி வந்ததே எனக்குத் தெரியாது. அதற்கு என்ன பதில் சொல்வது? பேசாமல் டேப்பை வாங்கிக்கொண்டு, இந்த முறை நானே டிக்கிக்குள் தலையை விட்டேன்.

அன்று இரவு உட்கார்ந்து படம் போட்டேன். ஸ்பீக்கரின் பின்பகுதி 3 லிட்டர், உள்ளே முட்டுக்கட்டை 2 லிட்டர் இடத்தை அடைக்கும். அதையும் சேர்த்து 46 லிட்டர் வேண்டும். அகலம் 50 செ.மீ., உயரம் 34. சீட் சாய்ந்திருப்பதால் ஆழம் அடியில் 32, மேலே 22, சராசரி 27. பெருக்கினால் 45.9 லிட்டர்.

மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு தச்சரிடம் போனேன். எங்கள் வீட்டுக் கதவெல்லாம் செய்தவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சார், இது உள்ளளவா, வெளியளவா?"

நான் யோசிக்காமல் "வெளியளவுதான்" என்றேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார், "பலகை 18 எம்.எம். போடச் சொல்றீங்க. ரெண்டு பக்கமும் சேர்த்து மூணு புள்ளி ஆறு போயிடும். படி செய்யறவன் வெளியே எவ்வளவு பெருசுன்னா பார்ப்பான்? உள்ளே எவ்வளவு பிடிக்கும்னுதானே பார்ப்பான்?"

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 46.4, 30.4, 23.4. பெருக்கினால் 33 லிட்டர். கிட்டத்தட்ட 13 லிட்டர் பலகையிலேயே போயிருக்கும். வில்ச்சர், தீல், ஸ்மால் என்று மாப்பிள்ளைக்கு வகுப்பெடுத்தவன் கோட்டைவிட்டது இங்கே.

எம்.டி.எஃப். பலகையில் வேலை நடந்தது. மூட்டெல்லாம் ஃபெவிகால், ஸ்குரூ, உள்பக்கம் சிலிக்கான் சீலன்ட். எதிரெதிர்ப் பலகைகளை இணைத்து நடுவில் ஒரு முட்டு. அது இல்லாவிட்டால் பலகையும் சேர்ந்து பாடும். கொஞ்சம் தலையணைப் பஞ்சு. ஸ்பீக்கர் உட்காரும் விளிம்பில் ஃபோம் டேப். கசிவு பார்க்க, கூம்பை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி விட்டேன். சட்டென்று திரும்பாமல் மெதுவாகத் திரும்பினால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு தாழ்ந்த ஒலி ஒன்றை ஓடவிட்டு ஊதுபத்தியை மூட்டு ஓரமாக நகர்த்தினேன். ஒரு மூலையில் மட்டும் புகை துடித்தது. அங்கே இன்னொரு கோடு சீலன்ட்.

செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஸ்பீக்கரோடு சேர்த்து இந்தப் பெட்டி இருபது கிலோ வரும். ஆங்கிள் வைத்து காரோடு போல்ட் போடாவிட்டால், சடன் பிரேக் அடிக்கும்போது சீட்டை வந்து இடிக்கும். 300 வாட் ஆம்ப்ளிஃபயர் 30 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து ஓரடிக்குள் பியூஸ் கட்டாயம்.

அடுத்த ஞாயிறு அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை ஓட்டிப் பார்த்தோம். சிமெண்ட் லாரிகள் போகும் ரோடு, டயர் இரைச்சலுக்குக் குறைவில்லை. அந்த இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த ஒலிதான். அதுதான் பாட்டின் அடிப்பகுதியை விழுங்கிவிடுகிறது. அதை ஈடுகட்டத்தான் எல்லோரும் வால்யூமைக் கூட்டுகிறார்கள். அடி ஒலி சரியாக வந்துவிட்டால் கூட்ட வேண்டியதில்லை. முன்பு 24-ல் வைத்துக் கேட்டவர் அன்று 15-க்கு மேல் போகவில்லை. நம்பர் பிளேட்டும் ஆடவில்லை.

வழியில் அவருக்கு ஒரு கணக்குச் சொன்னேன். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபல்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி நேரம், 86-க்கு 10. வேலைக்குப் போய்வர அவர் காரில் இருப்பதே வாரம் பத்து மணி நேரம். "எனக்கு மில் செஞ்சதை நீங்க பாட்டு போட்டுச் செஞ்சுக்காதீங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் ஏதோ சொன்னார். ரோட்டைப் பார்த்துச் சொன்னதால் எனக்குப் புரியவில்லை. உடனே நினைவு வந்து, பாட்டை நிறுத்தி, வண்டியை ஓரங்கட்டி, என் பக்கம் திரும்பி மறுபடி சொன்னார்: "அடுத்த வாரம் திருச்சிக்குப் போயி உங்களுக்கு மெஷின் பார்த்துட்டு வருவோம் மாமா."

போனோம். இப்போது இரண்டு காதிலும் மாட்டியிருக்கிறேன். கட்டும் தட்டும் ஓரளவு பிரிகின்றன. ஆலையில், மில்லில் வேலை பார்த்த நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். வந்த தாளைப் பீரோவில் வைக்காதீர்கள்.

மாப்பிள்ளை இந்த வருடம் தபால் வழியில் மேல்படிப்புக்குப் பணம் கட்டியிருக்கிறார். அவருடைய நண்பர் ஒருவர் தன் காருக்கும் பெட்டி வேண்டும் என்கிறாராம், 10 அங்குலம். நேற்று படம் போட உட்கார்ந்தேன். ஒரு கோடு கிழிப்பதற்கு முன்னால், தாளின் உச்சியில் பெரிதாக எழுதினேன்: எல்லாம் உள்ளளவு.