ஒரே இழுப்பு

வெண்டைக்காய் நறுக்குகிறவர்களுக்குத் தெரியும்: கத்தியைத் தூக்கினால் கூடவே வழவழவென்று ஒரு நூல் எழுந்து வரும். வெறும் தண்ணீரில் அப்படி வராது. குழாயை மூடியதும் முனையில் தொங்குகிற நீர் ஒரு கணம் மெலிந்து, அறுந்து, சொட்டாகிவிடும். வெண்டைக்காய்ச் சாற்றிலும் பெரும் பங்கு தண்ணீர்தான். மீதியுள்ள துளிச் சரக்குக்கு இத்தனை பிடிவாதம் எங்கிருந்து வந்தது?

அந்தச் சரக்கு பாலிமர் என்ற ஜாதியைச் சேர்ந்தது. சிறு சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட நெடிய மூலக்கூறு. சும்மா நிற்கிற தண்ணீரில் அது நூற்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். சாதாரணமாக ஓடுகிற நீரில் அகப்பட்டால் சற்று நீண்டாலும், உருண்டு புரண்டு தப்பித்துக்கொள்ளும். ஆனால் நீரே ஒரு திசையில் இழுபட்டு மெலிகிறபோது புரள்வதற்கு வழியில்லை, அவிழத்தான் வேண்டும். அவிழ்ந்த சங்கிலிகள் பதிலுக்கு இழுக்கின்றன. நூல் அறாமல் நிற்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீளமான லாரிகள் போவதைப் பார்க்கலாம். அந்தப் பளபளப்புக்கும் இந்த நூலுக்கும் உறவு உண்டு. காருக்குப் பெயிண்ட் அடிக்கும் யந்திரக் கையின் முனையில் சிறு கிண்ணம் ஒன்று நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுழல்கிறது. அதன் விளிம்பிலிருந்து வர்ணம் நூல் நூலாகக் கிளம்பி, அறுந்து, பொடித் துளிகளாகித் தகட்டில் படிய வேண்டும். வழிந்துவிடாமலிருக்க அதில் பாலிமர் வேண்டும்; அதுவே நீண்டு வீம்பு பிடித்தால் துளிகள் ஒழுங்காகப் பிரியாமல் பூச்சு கெடும்.

எவ்வளவு இழுத்தால் சங்கிலி அவிழும்? பிரெஞ்சு விஞ்ஞானி பியேர் ஜில் தெ ஜென் 1974-ல் இதைக் கணக்கிட்டார். மெல்ல இழுத்தால் சுருள் சுருளாகவே இருக்கும். அது திரும்பச் சுருண்டுகொள்ளும் வேகத்தை மிஞ்சி இழுத்தால் சட்டென்று விரியும் என்றார். 1993-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில், நம் நாட்டிலிருந்து போன ஸ்ரீதரும் அவருடன் திர்த்தாத்மஜாவும், துளிக் கரைசலை இரண்டு தட்டுகளுக்கிடையே வைத்து, வரவர வேகத்தைக் கூட்டி இழுத்து, அதன் எதிர்ப்பை அளந்தார்கள். ஆனால் அளந்ததெல்லாம் கோடானுகோடி சங்கிலிகளின் மொத்தக் கணக்கு. தனி ஒன்று என்ன செய்கிறது என்று யார் கண்டார்கள்?

1997-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கண்டார்கள். பெர்க்கின்ஸ், ஸ்மித், ஸ்டீவன் சூ மூவரும் டி.என்.ஏ. இழைகளுக்கு ஒளிரும் சாயமேற்றி, ஒவ்வொன்றாக நுண்நோக்கியில் பார்த்தார்கள். எல்லாம் ஒரே நீளம், இழுப்பும் ஒன்றே. ஆனாலும் ஓர் இழை மளமளவென்று விரிந்தது. இன்னொன்று இரண்டு முனையும் உருண்டையாய், நடுவே நூலாய் நீண்டது. வேறொன்று பாதியில் மடிந்து, அந்த மடிப்பு பிரியாமல் வெகுநேரம் தவித்தது. இழுப்பு வந்த கணத்தில் அது எப்படிச் சுருண்டு கிடந்தது என்பதைப் பொறுத்தே எல்லாம். இதற்குத் தெ ஜென் வைத்த பெயர், 'மூலக்கூறின் தனித்தன்மை'.

இதைப் படித்த நாளிலிருந்து, ஒரகடத்தில் ஷிப்ட் மாறும் நேரத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. கம்பெனி பஸ்களிலிருந்து ஒரே நிறச் சட்டையில் பிள்ளைகள் இறங்குகிறார்கள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்ணும் உண்டு, ஒடிசாப் பையனும் உண்டு. 'லேபர்' என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கிவிடுகிறோம். ஒருத்தி ஆறே மாதத்தில் நிமிர்ந்து, தம்பிக்குக் காலேஜ் பணம் கட்டுகிறாள். அடுத்த படுக்கைக்காரி ராத்திரியெல்லாம் விழித்திருந்து, மூன்றாம் மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறாள். "இவளுக்குச் சாமர்த்தியம் போதாது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வந்த அன்றைக்கு அவள் மனத்தில் என்ன மடிப்பு இருந்ததென்று கேட்டவர் உண்டா? வீட்டில் கடனா, படுக்கையில் தாயா, பாதியில் நின்ற படிப்பா?

மனிதர் மூலக்கூறு அல்ல, மூலக்கூற்றுக்கு வலிக்காது. பெயிண்டுக்குச் சராசரி போதும். வலிக்கிற ஜீவனிடம், எவ்வளவு நேரம் பொறுத்தால் அந்த மடிப்பு பிரியும் என்றாவது நாம் கேட்கலாம் அல்லவா?