கட்டடக் கல்வியின் வரவும் கடனும்

கல்வியின் பயனைப் பணத்தால் அளவிடுதல் தகாது என்பர். அறிவின் பொருட்டே அறிவைத் தேடும் வசதி படைத்தோர்க்கு அது பொருந்தலாம். ஆனால், க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்குரிய புள்ளியைப் பெறாது, ஒரு தொழிலைக் கற்று இரண்டொரு ஆண்டுகளில் வீட்டுச் செலவில் பங்கேற்க வேண்டிய நிலையில் நிற்கும் இளைஞனிடம் அவ்வாறு கூறுவது இரக்கமற்ற செயலாகும். கட்டடத் துறையில் டிப்ளோமா கற்க விழையும் ஒருவனுக்கு எமது வீடுகளில் வரவுசெலவுக் கணக்கு எவ்வாறு போடப்படுகின்றது, அக்கணக்கில் விடுபட்டுப் போவன எவை என்பவற்றை எனது குடும்ப அனுபவத்தைத் துணைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்கிசையில் வளர்ந்தவனுக்குக் கட்டடத் தொழில் அந்நியமானதன்று. காலி வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால் தெகிவளையும் வெள்ளவத்தையும் வருகின்றன. கடலோர ஒழுங்கைகளில் பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு மாடிமனைகள் எழுந்ததை எமது தலைமுறை கண்ணாரக் கண்டது. அவற்றிற் பலவற்றுக்கு இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வாழும் உறவினர் பணம் அனுப்பினர். தெற்கு நோக்கிச் சென்றால் இரத்மலானையும், அதற்கப்பால் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள கட்டுபெத்தையும் வருகின்றன. ஒரு திசையில் வேலைத்தளம், மறு திசையில் அவ்வேலையைக் கற்பிக்கும் கூடம் என அமைந்த ஊர் எம்முடையது.

இக்கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. மருதானையில் அரசினர் தொழில்நுட்பப் பாடசாலை 1893ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கட்டுபெத்தையில் 1966இல் தோன்றிய இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைந்த தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரத்மலானையில் இயங்குகின்றது. தேசிய தொழில் தகைமையின் ஐந்தாம் ஆறாம் மட்டங்களில் டிப்ளோமா பெற்றவர் ஏழாம் மட்டமாகிய பட்டத்துக்கு ஏறிச்செல்ல அது வழி சமைத்தது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் நிழல் தொழில்நுட்பக் கல்லூரிகளின் மீதும் படிந்தே இருக்கின்றது. அரசினர் கல்லூரியில் கற்பவன் பெருங்கடன் பட வேண்டிய தேவை இல்லை.

அவ்வாறாயின் எம்மவர் ஏன் கடன்படுகின்றனர்? முதலாவது காரணம் காத்திருப்பு. பரீட்சை முடிவுக்கும் அடுத்த அனுமதிக்கும் இடையே கழியும் மாதங்களைப் பெற்றோர் வீண்காலமாகவே கருதுகின்றனர். இரண்டாவது மொழி. கொழும்பில் தமிழ் மூலம் கட்டடக் கல்வி கற்கும் வாய்ப்பு அரிது. தனியார் நிறுவனத்தின் ஆங்கில விளம்பரமோ கண்முன்னே நிற்கின்றது. மூன்றாவது, வெளிப்படையாகச் சொல்லப்படாத காரணமாகிய வெட்கம். மகன் பொறியியலாளன் என்று கூறுவதற்கு ஆயத்தமாக இருந்த வாய், ‘டெக்கில் படிக்கிறான்’ என்று கூறத் தயங்குகின்றது. கட்டணம் மிகுந்த இடத்தில் மதிப்பும் மிகும் என்ற எண்ணம் அவ்வெட்கத்தை மூடிமறைக்க உதவுகின்றது.

எங்கள் வீட்டில் இரண்டு டிப்ளோமாக்கள் உள. எனது தமையனார் 2018இல் தனியார் நிறுவனம் ஒன்றிலே கணிய அளவையியல் கற்கச் சேர்ந்தார். கட்டணத்தின் ஒரு பகுதிக்கு அம்மாவின் காப்புகள் அடைவுக்குச் சென்றன. எஞ்சியதற்கு வங்கிக் கடன். “படிப்புக்கு வைச்ச நகை பாழ்போகாது, தம்பி” என்று அம்மா கூறினார். நான் சில ஆண்டுகள் பின்னர் மருதானைக்குச் சென்றேன். புகையிரதப் பருவச்சீட்டும் மதியச் சோறும் வரைதல் உபகரணங்களுமே எனது பெருஞ்செலவுகள். ஆனால் அனுமதிக்காகக் காத்திருந்த ஓராண்டில் நான் ஈட்டியது சொற்பம். அந்த ஓராண்டும் கணக்கிற் சேர வேண்டிய செலவே என்பதை மறுக்க இயலாது.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆறு இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 15 வீத வட்டியில் நான்கு ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாயின், மாதத் தவணை ஏறத்தாழ 16,700 ரூபா. மொத்தமாகச் செலுத்துவது எட்டு இலட்சத்துக்குச் சற்று மேல். டிப்ளோமா முடித்தவனின் தொடக்கச் சம்பளம் 60,000 ரூபா எனக் கொண்டால், ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிய 55,200 ரூபா கையில் வரும். அதில் நூற்றுக்கு முப்பது பங்கைத் தவணை கொண்டுபோகின்றது. எஞ்சிய 38,500 ரூபாவில் பேருந்து, உணவு, சப்பாத்து, வீட்டுக்குக் கொடுக்கும் பங்கு யாவும் அடங்க வேண்டும். இதே கடன் 25 வீத வட்டியில் பெறப்பட்டிருப்பின் தவணை 19,900 ரூபாவாக உயர்கின்றது. விளம்பரத்தில் அச்சிடப்படுவது பத்தாண்டு அனுபவம் பெற்றவரின் சம்பளம். கடன் அறவிடப்படுவதோ முதலாம் ஆண்டுச் சம்பளத்திலிருந்து. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள காலமே குடும்பங்களை நெருக்குகின்றது.

தளத்தில் நிற்கும் மேசன் பாஸின் நாட்கூலியை இருபத்தைந்தாற் பெருக்கிப் பார்த்து, “படிச்சு என்ன கண்டனீர்?” என்று தமையனாரைக் கேலி செய்தவர் உளர். கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. முதலிரு ஆண்டுகளில் பாஸின் கை மேலோங்கியே நிற்கும். ஆனால் மழை பெய்த நாளுக்கு அவருக்குக் கூலி இல்லை. பெரும்பாலும் சேமலாப நிதியும் இல்லை. ஐம்பது வயதில் முழங்கால் ஒத்துழைக்க மறுத்தால் வேறு வழியும் இல்லை. டிப்ளோமாவின் பயன் தொடக்கச் சம்பளத்தில் அன்றி, வெயிலிலிருந்து மேசைக்கும், ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கும் செல்ல அது திறக்கும் வாயிலிலேயே தங்கியுள்ளது. அவ்வாயிலை அடையும்வரை தாக்குப்பிடிக்கும் வலிமையைக் கடன் குறைத்துவிடலாகாது.

கட்டடத் தொழிலின் இயல்பு இவ்விடத்தே கவனிக்கத்தக்கது. நாட்டில் பணப்புழக்கம் தளர்ந்ததும் முதலில் நிற்பது கட்டட வேலையே. 2019, 2020 ஆகிய ஆண்டுகளின் அதிர்ச்சிகளின் பின்னர் 2022 வந்தது. 2021இல் ஏறத்தாழ ஆயிரம் ரூபாவாக இருந்த சீமெந்து மூடையின் விலை 2022இல் 2,500 ரூபாவைக் கடந்தது. வங்கி வட்டியும் 25 வீதத்துக்கு மேற் சென்றது. தூண்கள் எழும்பி, கம்பிகள் வானைப் பார்த்தபடி துருப்பிடித்து நின்ற கட்டடங்களைக் காலி வீதியிற் கண்டோம். நாடு தனது வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை இடைநிறுத்துவதாக அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆம் திகதி அறிவித்தது. தமையனார் வேலை செய்த நிறுவனம் அவரை அரைச் சம்பளத்துக்கு இறக்கியது. அவருடைய தவணை மட்டும் அரைவாசியாகவில்லை.

எங்கள் தங்கை அவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் முறை தோற்றவிருந்தாள். தனியார் வகுப்புக் கட்டணத்துக்கும் தவணைக்கும் ஒருங்கே பணம் இல்லாத நிலையில், வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையிற் காசாளராகச் சேர்ந்தாள். 2024இல் தமையனாரின் கடைசித் தவணை செலுத்தப்பட்டது. இன்று அவர் நல்ல பதவியில் இருக்கின்றார், காப்புகளும் மீண்டுவிட்டன. தங்கை பரீட்சைக்குத் திரும்பவில்லை. தமையனாரின் வருமானத்தையும் கடனையும் மட்டும் தராசில் இட்டால் கல்வி இலாபம் தந்ததாகவே முள் காட்டும். தங்கையின் இழப்பை எந்தத் தட்டில் இடுவது?

கணிய அளவையியல் கற்றோர்க்கு இதில் ஒரு முரண் புலப்படும். கட்டடமொன்றின் கணிய விலைப்பட்டியலைத் தயாரிக்கும்போது எதிர்பாராச் செலவுக்கென ஒரு தொகையை ஒதுக்குகின்றோம். பொருள் விலை ஏறினால் ஒப்பந்தகாரர் ஈடு பெறுவதற்கு விலைத் தளம்பல் வாசகத்தைச் சேர்க்கின்றோம். சுவருக்கும் கூரைக்கும் காட்டும் இந்த முன்யோசனையை, அச்சுவரை அளக்கக் கற்கும் மாணவனின் கடன் பத்திரத்தில் எவரும் காட்டுவதில்லை. 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டமும் பட்டப்படிப்புகளையே நோக்காகக் கொண்டது. ஜேர்மனியில் 1969ஆம் ஆண்டின் தொழிற்கல்விச் சட்டத்தின் கீழ், பயிலுநன் பாடசாலையிலும் வேலைத்தளத்திலும் மாறிமாறிக் கற்கின்றான். கற்கும் காலத்திலேயே படி பெறுகின்றான். எமது நாட்டிலும் 1971ஆம் ஆண்டின் தேசியத் தொழில் பயிலுநர் சட்டம் முதலாக இவ்வெண்ணம் இருந்துவருகின்றது. எமது வீடுகளில் அதற்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை.

ஆதலின், தனியார் கல்வியைத் தவிர்க்க வேண்டும் என்றோ, கடன் எப்பொழுதும் தீது என்றோ நான் வாதிடவில்லை. கையொப்பமிடுவதற்கு முன்னர் நான்கு வினாக்களுக்கு விடை காணப்பட வேண்டும் என்பதே எனது வேண்டுகோள். பெறப்போகும் சான்றிதழ் தேசிய தொழில் தகைமையின் எம்மட்டத்துக்கு உரியது? முதலாண்டுச் சம்பளத்தில் தவணை எத்தனை வீதம்? ஆறு மாதம் வேலை நின்றால் தவணையைச் செலுத்துபவர் யார்? அவ்வாறு செலுத்துபவர் எதனை இழந்து செலுத்துவார்? நான்காம் வினாவை வீட்டிலுள்ள பெண்பிள்ளைகளின் முன்னிலையில் கேட்டல் வேண்டும்.

இவ்வினாக்களைக் கேட்கும் பயிற்சி பெற்றோர் எம் பல்கலைக்கழகத்தில் உளர். பொருளியலும் பொறியியலும் கணக்கியலும் கற்கும் எம்மவருள் பத்துப் பேர், சாதாரண தரப் பரீட்சை முடிந்த காலத்தில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கல்கிசையிலும் பெற்றோரைக் கூட்டி ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு, இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். எமது சங்கம் வரும் ஆண்டில் இதனை ஒரு பணியாக ஏற்குமாயின் பயனுடையதாகும்.