வண்டிக்கு மேலே ஒரு மாடி வீடு

எங்கள் ஊர் குத்துக்கல்வலசை. தென்காசியை ஒட்டின ஊர். 'வலசை' என்றால் இடம்விட்டு இடம் போய்க் குடியேறுவது என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். பெயர்தான் அப்படி! கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் வெளியூரில் தங்கின நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணம், குற்றாலம் கூப்பிடு தூரத்தில் இருப்பதுதான். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் உறவுக்காரர்கள் வரிசையாக வந்து இறங்கிவிடுவார்கள். ஆனி, ஆடியில் எங்கள் வீட்டுப் பட்டாசலில் பாய் சுருட்டவே நேரமிருக்காது.

2024-ம் வருஷம் ஆனி மாதம் கோயம்புத்தூரிலிருந்து என் கொழுந்தனார் குடும்பத்தோடு வந்தார். கூடவே ஒரு பெரிய பெட்டி.

"மதினி, இந்த வருஷம் உங்களுக்குப் பாய் போடுற வேலையே இல்ல. நாங்க வண்டி மேலயே படுத்துக்கிடுவோம்" என்றார்.

அவருடையது பிக்கப் வண்டி. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிக்கு மேலே பைபரில் கூண்டு போட்டு மூடியிருந்தார். அந்தக் கூண்டின் தலையில் மடக்குக் கூடாரம் ஒன்றை மாட்டப் போகிறாராம். பிரித்தால் நாலு பேர் படுக்கலாம், ஏறுவதற்கு ஏணியும் அதோடு சேர்ந்தே இருக்கும். இத்தாலியில் 1950-களிலேயே இப்படிக் கார் மேலே கூடாரம் போட ஆரம்பித்துவிட்டார்களாம். என் மாமியார் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். "அதென்னத்த புதுசு? ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலுக்குக் கூண்டு வண்டியில போயி, மாட்ட அவுத்துக் கட்டிட்டு, வைக்கோல் மேல சமுக்காளத்த விரிச்சுப் படுத்தவதானே நானு?" என்றார்கள்.

காலையில் கொழுந்தனாரும் என் மகனும் வேலையை ஆரம்பித்தார்கள். கூண்டின் மேல் துளை போட்டு இரண்டு குறுக்குச் சட்டங்களைப் போல்ட்டு நட்டு வைத்து முடுக்கினார்கள். நாலு பேர் சேர்ந்து கூடாரத்தைத் தூக்கி அதன்மேல் வைத்தாயிற்று. பெட்டியில் போட்டிருந்த எடை 65 கிலோ. பதினொரு மணிக்கெல்லாம் எங்கள் முற்றத்தில் ஒரு மாடி வீடு எழும்பி நின்றது! தெருப்பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

எனக்கு மட்டும் மனசு சமாதானமாகவில்லை. என் ஓர்ப்படியாளின் கடைக்குட்டிக்கு மூன்று வயசு, மூத்தவனுக்கு எட்டு. மடியில் வளர்ந்த பிள்ளைகள். அந்தப் பைபர் கூரையைக் கையால் தட்டினால் முறத்தைத் தட்டினமாதிரி சத்தம் வந்தது.

"இந்தக் கூண்டு எத்தனை கிலோ தாங்கும்னு செஞ்சவங்ககிட்ட கேட்டீங்களா தம்பி?"

"வண்டி ஒரு டன் ஏத்துது மதினி. இதப் போய்..."

ஒரு டன் ஏற்றுவது தொட்டி. தலையில் இருக்கிற கூண்டு இல்லையே! அடுப்பங்கரைக் கணக்கு ஒன்று போட்டேன். கொழுந்தனார் 75 கிலோ, ஓர்ப்படியாள் 60, பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்த்து 38, போர்வை தலையணை 10. மொத்தம் 183. கூடாரம் 65. ஆகமொத்தம் 248 கிலோ! அது போதாதென்று, பிள்ளைகள் மேலே சும்மா படுத்திருக்குமா? குதிக்கும், புரளும்.

வீட்டில் 25 கிலோ அரிசி மூட்டைகள் எட்டு இருந்தன. "பிள்ளைகள ஏத்துறதுக்கு முன்னால இத ஏத்திப் பாருங்க. எட்டும் தாங்கிச்சுன்னா நான் வாயத் திறக்கல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர்கூட, "உனக்கு எதுலயும் அரிசிப் பானை ஞாபகம்தான்" என்றார். ஆனாலும் ஏற்றினார்கள்.

நாலு மூட்டை வரை ஒன்றுமில்லை. ஐந்தாவதை வைத்ததும் 'டப்' என்று ஒரு சத்தம். சட்டத்தின் கால் பதிந்த இடத்தில் கூரை உள்வாங்கி, உள்பக்கம் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. யாரும் பேசவில்லை. ஓர்ப்படியாள் சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்தச் சத்தம் நடுராத்திரி இருட்டில், பிள்ளைகள் மேலே தூங்கும்போது கேட்டிருந்தால்?

சாயங்காலமே தென்காசியில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு வண்டி போயிற்று. பட்டறைக்காரர் பார்த்ததும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாராம்: "ஓட்டுல ஊஞ்சல் கட்டுவாங்களா சார்? உத்திரத்துலதான கட்டணும்!" கூண்டுக்கு உள்ளே இரும்புச் சதுரக் குழாயில் ஒரு சட்டம் செய்து, அதன் நாலு கால்களையும் தொட்டியின் பக்கச் சுவர்களில் இறக்கி முடுக்கினார். மேலே உள்ள குறுக்குச் சட்டங்களின் போல்ட்டு கூரையைத் துளைத்து இந்தச் சட்டத்தைப் பிடிக்கும்படி வைத்தார். இப்போது பாரமெல்லாம் வண்டியின் உடம்புக்குப் போகிறது. பைபர் மழைக்கு மறைப்பு மட்டும்தான். துளைகளில் ரப்பர் வாஷர் போட்டு, தண்ணீர் இறங்காமல் பசை பூசினார்கள். மறுநாள் எட்டு மூட்டையும் ஏறின. இம்மியும் அசையவில்லை.

அன்றைக்கு ராத்திரி பண்பொழிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் தோப்புக்குப் போனோம். குற்றாலத்தில் ஓடைக்கரையில் நிறுத்தலாம் என்றுதான் கொழுந்தனார் முதலில் சொன்னார். நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். அந்த வருஷம் மே 17-ம் தேதிதான் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயசுப் பையனை அடித்துக்கொண்டு போயிருந்தது. மலைமேல் பெய்கிற மழை கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் ஓடும் தடத்தில் ராத் தங்கவே கூடாது.

தோப்பிலும் தென்னைக்கடியில் நிறுத்தவில்லை, தேங்காய் விழுமே! களத்துமேட்டில் வெட்டவெளியில் நிறுத்தினோம். ஏணியின் கால் ஈரமண்ணில் புதையாமல் இருக்க ஒரு பலகை போட்டோம். கூடாரத்தின் பாரத்தில் ஒரு பங்கை ஏணியும் தாங்குகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடித்தபோது கூடாரம் உப்பிக்கொண்டு படபடத்தது. வண்டியின் மூக்கை மேற்கே திருப்பி, வாசலைக் கிழக்கே பார்க்க வைத்தபிறகுதான் அடங்கிற்று.

நானும் கொஞ்சநேரம் மேலே ஏறி உட்கார்ந்தேன். தூரத்தில் திருமலைக்கோவில் விளக்கு. சாரல் துணியில் பொரி பொரிந்தமாதிரி விழுந்தது. சின்னவள் என் மடியில் தலைவைத்துக் கதை கேட்டபடியே தூங்கிப்போனாள். இத்தனை வருஷம் சாரலை நான் கொடியில் காயாத துணியாகத்தான் பார்த்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தோன்றிற்று.

இப்படிப் போக ஆசைப்படும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். கூண்டு, சட்டம், கூடாரம் மூன்றும் எவ்வளவு தாங்கும் என்று செய்தவர்களிடம் கேளுங்கள். ஓடும்போது தாங்கும் எடை வேறு, நிற்கும்போது தாங்கும் எடை வேறு. வண்டியின் அமைப்பை மாற்ற 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு, ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்ஷூரன்ஸிலும் விசாரித்துக்கொள்வது நல்லது. கொஞ்சதூரம் ஓடினதும் நட்டுகளை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். தலைப்பாரம் இருப்பதால் வளைவுகளில் மெதுவாகப் போகவேண்டும். வண்டி ஓடும்போது மேலேயோ தொட்டியிலோ யாரும் இருக்கக்கூடாது.

கூடாரத்துக்குள் அடுப்பு, கரியடுப்பு, கொசுவத்தி எதுவும் வேண்டாம். தீப்பிடிக்கும் பயம் ஒன்று. மூடின இடத்தில் கரிப்புகை தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும் என்பது மற்றொன்று. சின்னப்பிள்ளைகளை நடுவில் போட்டு, வாசல் பக்கம் பெரியவர்கள் படுங்கள். ராத்திரி ஒன்றுக்கு எழுப்பும்போது பெரியவர் ஒருவர் முன்னால் இறங்கிக் கீழே நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்தோடு மடக்கினால் இரண்டே நாளில் பூஞ்சணம் பூத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பிரித்து, வெயில் இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றிலாவது உலர்த்துங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது கொழுந்தனார், "அடுத்த வருஷமும் வருவோம் மதினி. அரிசி மூட்டை எட்டும் தயாரா இருக்கட்டும்!" என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.