34ஆம் நிமிடம்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நடைபெறும் ஓதல் வகுப்பிற்கு மாணவர் ஒருவர் விளையாட்டுச் சட்டை அணிந்து வந்திருந்தார். வெள்ளைத் துணியின் நடுவே அகன்ற சிவப்புப் பட்டை. முதுகில் 34 என்ற எண். அதற்கு மேல் 'நூரி' என்ற பெயர். வகுப்பிற்கு இத்தகைய உடை வேண்டாம் என்று பலமுறை கூறியிருந்ததால் நாம் சற்றுக் கடுமையாகவே கேட்டோம்: "இது யாருடைய பெயர், தம்பி? இவர் நமக்கு என்ன உறவு?"

மாணவர் தலை குனிந்தவாறே, "நூரி நம்ம ஆளு ஹஜ்ரத். ஹாலந்துல விளையாடினவரு. மைதானத்துலயே விழுந்துட்டாரு. இன்னும் எழுந்திருக்கல. அவருக்காக துஆ செய்வீங்களா ஹஜ்ரத்?" என்றார்.

துஆ செய்யுமாறு ஒரு பிள்ளை கேட்டால் மறுப்பதற்கு நமக்கு உரிமையில்லை. பெயர் தெரியாதவருக்காகக் கையேந்தினோம். அன்றிரவு அவர் யாரென்று தேடி அறிந்தபோது, சிறு பிள்ளையிடம் கடுமை காட்டிய நாம்தான் பாடம் கற்க வேண்டியவர் என்று தெரிந்தது. அந்தப் பாடத்தையே இங்கு பகிர்ந்துகொள்கிறோம்.

அப்துல் ஹக் நூரி 1997 ஏப்ரல் 2ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். மொராக்கோவை வேராகக் கொண்ட குடும்பம். நகரின் மேற்கில் உழைக்கும் மக்கள் வாழும் பகுதியில் வளர்ந்தார். தெருவில் பந்து உதைத்த அந்தப் பிள்ளையை அயாக்ஸ் கழகம் இளமையிலேயே தன் பயிற்சிக் கூடத்தில் சேர்த்துக்கொண்டது. நெதர்லாந்தின் மிகப் புகழ் பெற்ற அக்கழகத்தில் சேர்வோர் பலர். முதல் அணிவரை எட்டுவோர் சிலரே. உயரமோ உடற்கட்டோ பெரிதாக இல்லாத நூரி, பயிற்சியாலும் பார்வைக் கூர்மையாலும் படிப்படியாக மேலேறினார். 2016-17 பருவத்தில் அயாக்ஸின் இளையோர் அணிக்காக ஆடி, அந்நாட்டின் இரண்டாம் நிலைத் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றார். அதே பருவத்தில் முதல் அணியிலும் இடம் கிடைத்தது. ரசிகர்கள் அவரை 'அப்பி' என்று செல்லமாக அழைத்தனர்.

2017 ஜூலை 8. ஆஸ்திரியாவின் மலைப் பகுதியில் ஜெர்மனியின் வெர்டர் பிரேமன் அணியுடன் ஒரு நட்புமுறை ஆட்டம். கோப்பையோ புள்ளியோ இல்லாத ஆட்டம் அது. இரண்டாம் பாதியில் நூரி யாரும் மோதாமலேயே தரையில் சாய்ந்தார். இதயத்தின் துடிப்பு ஒழுங்கு தவறியிருந்தது. ஹெலிகாப்டரில் இன்ஸ்ப்ரக் நகர மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். உயிர் தங்கியது. ஆனால் மூளைக்குப் பலத்த, நிரந்தரமான பாதிப்பு ஏற்பட்டுவிட்டது என்று ஜூலை 13ஆம் நாள் கழகம் அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 20.

அடுத்து நிகழ்ந்ததுதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. ஆம்ஸ்டர்டாமில் அவருடைய வீட்டின் முன்னே ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். உடன் ஆடிய வீரர்கள் வந்தனர். இஸ்லாமியர், கிறித்தவர், எந்தச் சமயமும் சாராதவர் என யாவரும் அத்தெருவில் தோளோடு தோள் நின்றனர். மொராக்கோவிலிருந்து குடியேறிய குடும்பங்களை ஐயத்தோடு நோக்கும் குரல்கள் ஐரோப்பாவில் ஓங்கியிருந்த காலம் அது. அத்தகைய ஒரு குடும்பத்தின் வாசலில் ஒரு நகரமே வந்து நின்று அழுதது.

உணர்ச்சி மிகுந்த நாளில் கூட்டம் கூடுவது இயல்பு. அது கலைவதும் இயல்பு. இந்த அன்பு அப்படிக் கலையவில்லை. அயாக்ஸ் ஆடும்போது 34ஆம் நிமிடம் வந்ததும் அரங்கத்தில் ரசிகர்கள் எழுந்து கைதட்டினார்கள். வேறு கழகங்களுக்குச் சென்ற நண்பர்கள் அவருடைய எண்ணைத் தங்கள் முதுகில் சுமந்தனர்: ஜஸ்டின் க்ளைவர்ட் ரோமா அணியிலும், டோனி வான் டி பீக் மான்செஸ்டர் யுனைடெட் அணியிலும் 34ஐக் கேட்டுப் பெற்றனர். 2019 மே மாதம் அயாக்ஸ் தேசியத் தொடரை வென்றது. அது கழகத்தின் 34ஆவது வெற்றி. அதை நூரிக்கே உரித்தாக்கினர்.

நாம் மதரஸாவில் பாடம் சொல்பவர்கள். ஆட்டத்திற்காகத் தொழுகையைத் தவறவிடும் இளைஞர்களைக் கண்டு வருந்துபவர்கள். அந்த வருத்தம் இன்றும் மாறவில்லை. ஆயினும், வீழ்ந்த ஒருவரை ஆண்டுக்கணக்கில் மறவாதிருக்கும் பண்பை எவரிடம் கண்டாலும் அதற்குத் தலைவணங்கத்தான் வேண்டும். நம் நபி (ஸல்) அவர்கள், தமக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவர் நோயுற்றபோது அவருடைய இல்லம் தேடிச் சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள் என்பதை நாம்தானே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம்? நோயாளியைச் சந்திப்பதற்குச் சமயம் எல்லையன்று என்ற அந்தப் பாடத்தின் சாயலை அந்த ஆம்ஸ்டர்டாம் தெருவில் கண்டோம்.

அக்குடும்பத்தின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 2018 ஜூன் மாதம் அயாக்ஸின் நிர்வாக இயக்குநர் எட்வின் வான் டெர் சார், மைதானத்தில் அளிக்கப்பட்ட முதலுதவி போதுமானதாக இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மூச்சுப் பாதையைச் சீர்செய்வதில் அதிக நேரம் கழிந்ததும், இதயத்தை மீண்டும் இயக்கும் முயற்சி தாமதமானதும் பிழைகள் என்று கழகமே ஏற்றது. பின்னர் 2022 பிப்ரவரியில் 78.5 லட்சம் யூரோ இழப்பீடு வழங்க உடன்பாடு ஏற்பட்டது.

'ஸப்ர்' என்பதை நம்மில் பலர் வாய்மூடி இருத்தல் என்றே கொள்கிறோம். இறைவனின் ஏற்பாட்டைப் பொருந்திக்கொள்வது வேறு. மனிதர் இழைத்த தவறுக்கு நியாயம் கேட்பது வேறு. நூரியின் குடும்பம் இரண்டையும் செய்தது. மகனைக் கண்ணின் மணியாகப் பேணியது. மகனின் உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. பொறுமை நம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை.

இன்னொரு செய்தியும் இத்துடன் சேர்த்துச் சொல்லத்தக்கது. 2021 ஜூன் 12ஆம் நாள் கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதே போல மைதானத்தில் சாய்ந்தார். அவரும் அயாக்ஸில் வளர்ந்தவரே. உடனடியாக அவருடைய மார்பை அழுத்தத் தொடங்கினர். மின்னதிர்வுக் கருவியும் பயன்பட்டது. அவர் பிழைத்தார். அடுத்த ஆண்டே மீண்டும் களத்தில் ஆடினார். உயிர் அல்லாஹ்வின் கையில் உள்ளது. காரணங்களைத் தேடுவது நம் கடமை. இதயம் நின்றால் சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கும். உடனே 108ஐ அழைத்து, மார்பின் நடுவே ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவிலும் பத்துப் பேருக்காவது இதை ஒரு மருத்துவரைக் கொண்டு முறையாகக் கற்பித்தால், அது பெரும் ஸதகா ஆகும்.

இனி நம் குறையைச் சொல்கிறோம். 2020 மார்ச் மாதம் நூரியின் அண்ணன் தொலைக்காட்சியில் கூறியவற்றைப் படித்தபோது நம் நெஞ்சில் முள் தைத்தது. தம்பி வீட்டிற்குத் திரும்பிவிட்டார், விழித்திருக்கிறார், உண்கிறார், பெரும்பாலும் படுக்கையில்தான் இருக்கிறார், நல்ல நாள்களில் புருவத்தை அசைத்துப் பதில் தருகிறார், குடும்பத்தோடு கால்பந்து பார்க்கிறார் என்றார் அவர். நோயாளியாக அன்று, வீட்டில் எல்லோரையும் போன்ற ஒருவராகவே அவரோடு பேசுகிறார்களாம்.

நமக்கு 'அலிஃப்' என்ற எழுத்தைக் கைபிடித்துக் காட்டிய பெரிய ஹஜ்ரத், நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வாழ்கிறார். பக்கவாதம் தாக்கி நான்கு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். பேச்சு முற்றிலும் நின்றுவிட்டது. தொடக்கத்தில் அந்த வீட்டில் பாய் விரிக்க இடமின்றி மக்கள் வந்தனர். பழங்களை வைக்க இடமின்றி அக்கம்பக்கத்திற்குப் பகிர்ந்தளித்தனர். பிறகு வருகை வாரம் ஒன்றாயிற்று; மாதம் ஒன்றாயிற்று. நாம் அவ்வாசலை மிதித்துப் பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. 'அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லையாம்' என்று யாரோ கூறியதையே சாக்காக வைத்திருந்தோம். நோயாளியைச் சந்திப்பது முஸ்லிமுக்கு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று என்று வகுப்பெடுத்த அதே நாவால் அந்தச் சாக்கையும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மக்ரிபுக்குப் பின் சென்றோம். ஹஜ்ரத்தின் துணைவியார் கதவைத் திறந்தார். நம்மைக் கண்டதும் ஒரு கணம் பேசவில்லை. பின், "வாங்க தம்பி. பிள்ளைங்க நல்லாருக்காங்களா?" என்றார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்போம்.

"மாமி, ஹஜ்ரத்துக்கு ஆள் தெரியுதா?" என்று தயங்கிக் கேட்டோம்.

"பேச்சுதான் இல்ல தம்பி. காது நல்லா கேக்கும். வர்றவங்கதான் அவரோட பேசமாட்டேங்கிறாங்க. என்கிட்ட அவரைப் பத்தி விசாரிச்சிட்டுப் போயிடுறாங்க."

கட்டிலருகே அமர்ந்து ஸலாம் சொன்னோம். கண்கள் நம் பக்கம் திரும்பின, முகத்தில் மாற்றமில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல், சிறுவயதில் அவரிடம் பாடம் கொடுத்த சூரா முல்க்கை மெல்ல ஓதத் தொடங்கினோம். பதற்றத்தில் ஓரிடத்தில் நீட்ட வேண்டிய எழுத்தைக் குறுக்கிவிட்டோம். கட்டிலின் மரச்சட்டத்தில் 'டக்' என்று ஓர் ஓசை. ஹஜ்ரத்தின் இடது கையின் ஆள்காட்டி விரல். முப்பது ஆண்டுகளுக்கு முன் நாம் பிழையாக ஓதினால் பலகையைத் தட்டுவாரே, அதே தட்டல்.

திரும்பி ஓதினோம். சரியாக ஓதியதும் விரல் அமைதியாயிற்று. அதன்பின் எழுத்துகள் நம் கண்ணுக்குப் புலப்படவில்லை. மனப்பாடமாகவே ஓதி முடித்தோம்.

நான்கு ஆண்டுகளாக அந்த விரல் ஒரு மாணவனின் பிழைக்காகக் காத்திருந்ததோ என்று எண்ணும்போது, இதை எழுதும் இந்த நேரத்திலும் நெஞ்சு கனக்கிறது.

அன்றிலிருந்து கற்றவற்றுள் சிலவற்றைச் சொல்கிறோம். நோயாளியிடம் சென்றால் அவரைப் பற்றிப் பிறரிடம் பேசுவதை விடுத்து, அவரிடமே பேச வேண்டும். பதில் வராவிட்டாலும் பேச வேண்டும். நீண்ட நேரம் அமர்ந்து வீட்டாரைக் களைப்பூட்டலாகாது. பழம் வாங்கிச் செல்வது நல்லது. அதைவிட நல்லது, "நீங்கள் சற்று உறங்குங்கள், ஒரு மணி நேரம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பேணுவோரிடம் சொல்வது. நான்கு ஆண்டுகளாக ஒரு கலியாண வீட்டிற்குக்கூடச் செல்லவில்லை என்று மாமி சொன்னார். இப்போது எங்கள் வீட்டார் வியாழன்தோறும் மாலையில் அங்கு சென்றிருக்கிறார்கள். மாமி தம் தங்கையின் வீட்டிற்குப் போய் வருகிறார். எல்லாவற்றிற்கும் மேலாக, முதல் வாரத்துக் கூட்டத்தில் ஒருவராக இருப்பதைவிட நான்காம் ஆண்டில் வரும் ஒருவராக இருப்பதே அந்த வீட்டிற்கு உதவும்.

மறுமையில் அல்லாஹ், 'நான் நோயுற்றிருந்தேன், நீ என்னைக் காண வரவில்லையே' என்ற கருத்துப்படக் கேட்பான் என்றும், நோயுற்ற அடியாரிடம் சென்றிருந்தால் அங்கே தன்னைக் கண்டிருக்கலாம் என்பான் என்றும் நபிமொழி நமக்கு உணர்த்துகிறது. இதைப் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறோம். அதன் பொருளை நடத்திக் காட்டியதோ, அயாக்ஸ் அரங்கில் 34ஆம் நிமிடத்தில் எழுந்து நின்ற முகமறியா மனிதர்கள்.

அந்த மாணவரை இப்போது வாரம் ஒருமுறை நம்மோடு ஹஜ்ரத்திடம் அழைத்துச் செல்கிறோம். அவர் ஓதுகிறார், விரல் தட்டுகிறது, திருத்திக்கொள்கிறார். அவருடைய சட்டையைப் பற்றி நாம் எதுவும் சொல்வதில்லை. வகுப்பிற்கு மட்டும் அவர் ஜிப்பா அணிந்து வருகிறார், அதுவும் தாமாகவே.

உங்கள் தெருவிலும் ஒரு கட்டில் இருக்கும். முதல் மாதம் சென்று, பிறகு மறந்த வீடு ஒன்று இருக்கும். இன்று மக்ரிபுக்குப் பின் சென்று ஸலாம் சொல்லி வாருங்கள்.

யா அல்லாஹ்! சகோதரர் அப்துல் ஹக் நூரிக்கும், எங்கள் ஹஜ்ரத்துக்கும், படுக்கையில் இருக்கும் அனைவருக்கும் நற்சுகத்தை வழங்குவாயாக! அவர்களைப் பேணும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் துணைவியருக்கும் வலிமையும் ஓய்வும் அளிப்பாயாக! மறந்துபோன எங்களை மன்னிப்பாயாக! ஆமீன்.